முப்பத்தொன்றாம் கட்டத்து மாப்பிள்ளை

பதவி: இளநிலைத் தட்டச்சர், மூன்றாம் நிலை. பணி: மேலதிகாரி தருவதைத் தந்தபடியே தட்டச்சு செய்தல். சுயமாக முடிவெடுக்க வேண்டிய பணி: ஏதுமில்லை. கணினி அறிவு: தேவையில்லை. மேற்பார்வை: இடைவிடாது தேவை.

பேருந்துப் பணிமனையின் பணிப்பதிவேட்டில் அட்டவணை அக்காவைப் பற்றி இப்படித்தான் எழுதியிருந்தது. இதில் உண்மையென்று ஒப்புக்கொள்ளத்தக்கது ‘மூன்றாம் நிலை’ என்பது மட்டும்தான். இருபத்தாறு வருடமாக அவரை அந்த நிலையிலேயே உட்கார வைத்திருந்தார்கள் என்பதால் அதை மறுப்பதற்கில்லை. மேற்பார்வையைப் பொறுத்தவரை, மேலாளர் அந்த அறைக்குள் வருவது மாதத்துக்கு ஒருமுறை. வந்தாலும் நிற்பது, பச்சை மைப் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டுகிற நேரம்தான்.

அறை என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். ஒரு பக்கம் டயர் கிடங்கு, மறு பக்கம் ஓட்டுநர்கள் ஓய்வறை, நடுவில் மிச்சமான இடத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரின்டர். ஜன்னலுக்கு வெளியே வண்டி கழுவும் இடம். ஒவ்வொரு வண்டி கழுவும்போதும் கண்ணாடியில் தண்ணீர் அறையும். மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் தலைமை அலுவலகச் சுற்றறிக்கை ஒன்று எட்டாக மடித்துச் செருகப்பட்டிருந்தது. அந்த அலுவலகத்திலிருந்து வந்தவற்றில் உருப்படியாக ஒரு பாரத்தைத் தாங்கியது அது ஒன்றுதான் என்பது அக்காவின் கணிப்பு.

இங்கேதான் மாதாமாதம் ஓட்டுநர் பணி அட்டவணை பிறந்தது. ஓட்டுநர்கள் அறுபத்திரண்டு பேர், தடங்கள் அறுபத்திரண்டு. பெயர்கள் பணிமூப்பு வரிசையில் அசையாமல் நிற்கும். தடங்கள் மட்டும் மாதத்துக்கு ஒரு படி கீழே இறங்கும். கடைசியில் இருப்பது மேலே ஏறிக்கொள்ளும். ஐந்து வருடம் சொச்சத்தில் எல்லோரும் எல்லாத் தடத்தையும் ஓட்டியிருப்பார்கள். நல்ல தடமும் சுற்றும், நாசமாய்ப் போன தடமும் சுற்றும். விதியை யார் யோசித்தாரோ, அவர் ஓட்டுநர்களைப் பற்றி நன்றாக அறிந்தவர். மேலாளர்களைப் பற்றி அவ்வளவாக அறிந்தவர் இல்லை.

நல்ல தடம் என்றால் மூன்று. மருத்துவமனையில் கிளம்பி நூலகத்தில் முடியும். ஒன்பதே நிறுத்தம், வழியெல்லாம் மரநிழல். நோயாளிகளும் படிப்பாளிகளும் ஓட்டுநரிடம் சண்டைக்கு வருவதில்லை. நாசமாய்ப் போன தடம் என்றால் பத்தொன்பது. சந்தையில் கிளம்பிக் கல்குவாரிக்குப் போகும். போகும்போது மீன் கூடை, வரும்போது கல்தூசி. பத்தொன்பதில் ஒரு மாதம் ஓட்டியவன் இருமினால் அடுத்த மாதம் வரை வெள்ளையாக வரும் என்று ஓய்வறையில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் இந்த மேலாளர் வந்தார். வந்த இரண்டாம் மாதமே மூன்றாம் தடத்துக்கு ‘சிறப்புத் தடம்’ என்று பெயர் சூட்டிச் சுற்று வரிசையிலிருந்து உருவி எடுத்தார். அதன் சிறப்பு என்னவென்றால், அதை மேலாளர் மனைவியின் தம்பி ஓட்டினான். அவனைப் பணிமனை முழுக்க ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகிப் பதினொரு வருடமான ஆளை இன்னும் மாப்பிள்ளை என்பதில் இருந்த குத்தல் அவனுக்குப் புரியவே இல்லை. பாசத்தில் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

பணிமூப்பு வரிசையில் மாப்பிள்ளைக்கு நேர் கீழே ‘விசில்’. பணிமனையின் ஒரே பெண் ஓட்டுநர். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நடத்துநர் விசிலுக்குக் காத்திராமல் தானே நாக்கை மடித்து ஊதிக்கொள்வதால் அந்தப் பெயர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கையெழுத்து வரிசையில் முன்னால் நின்றவள் அவள்தான். “ஒரு நிமிஷம்மா, பேனா குடுங்க” என்று கேட்டு வாங்கி முதலில் கையெழுத்துப் போட்டவன் அவன். அந்த ஒரு நிமிடத்தில் அவன் முப்பதாவது ஆளானான், அவள் முப்பத்தொன்றாவது. மேலே தலைப்புக்கு ஒரு வரி போய்விடுவதால் கணினி ஷீட்டில் அவனுக்கு முப்பத்தொன்றாம் கட்டம், அவளுக்கு முப்பத்திரண்டாம் கட்டம்.

அக்காவின் மாத வேலை இப்படிப் போகும்: அறுபத்தொரு தடங்களை ஒரு படி இறக்கி ஒட்டுவார். பிறகு முப்பத்தொன்றாம் வரியில் ஒரு கட்டத்தைச் செருகி ‘3’ என்று தட்டுவார். மற்றதெல்லாம் ஒரு படி கீழே நகர்ந்து வழிவிடும். அப்புறம் வண்டி எண், வார விடுமுறை, நடத்துநர் ஜோடி. எல்லாம் சேர்ந்து நான்கு நாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் எங்காவது ஒருவருக்கு இரண்டு வண்டி விழுந்திருக்கும்.

“அவர் சொல்றாரு, நான் அடிக்கறேன்” என்பார் அந்த ‘3’ பற்றி யாராவது கேட்டால். ஆறு வருடமாக அது அவருக்குப் போதுமான பதிலாக இருந்தது.

பிறகு அந்தச் சுற்றறிக்கை வந்தது. கிளை மேலாளர்கள் அனைவரும் ‘விரிதாள் மென்பொருளில் அடிப்படை நிரலாக்கமும் மேக்ரோ பதிவும்’ என்ற இரண்டு நாள் வகுப்பில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். மேலாளர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அக்காவின் அறைக்கு வந்தார்.

“ஏம்மா, இதெல்லாம் எனக்கு எதுக்கு? நீங்க போய் உட்காந்துட்டு வாங்க. கழுத்துல இந்த அட்டையை மாட்டிக்குங்க, அது போதும்.”

“அட்டையில கிளை மேலாளர்னு இருக்கு சார்.”

“எவன் பாக்கப்போறான்?”

யாரும் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. பயிற்சி கொடுத்த பெண் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டு நாளும் அக்காவை “மேலாளர் மேடம்” என்றே கூப்பிட்டாள். முதல் நாள் காலை அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. மதியத்துக்குள் பழகிவிட்டது. மறுநாள், பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியை நோண்டிக்கொண்டிருந்த நிஜ மேலாளர் ஒருவரைப் பார்த்து, “கவனிங்க சார், அப்புறம் கேக்காதீங்க” என்று அதட்டும் அளவுக்குப் பதவி உள்ளே இறங்கியிருந்தது.

“இது ரெக்கார்ட் பட்டன்” என்றாள் பயிற்சியாளர். “இதை அமுக்கிட்டு நீங்க பாட்டுக்கு வேலையைச் செய்யுங்க. நீங்க செய்யறதை எல்லாம் அது பாத்து எழுதி வெச்சுக்கும். அடுத்த தடவை ஓடுன்னு சொன்னா அதே மாதிரி செய்யும். இதுக்குப் பேருதான் மேக்ரோ.”

“நடுவுல நான் தப்பு பண்ணிட்டேன்னா?” என்றார் அக்கா.

“தப்பையும் எழுதிக்கும் மேடம். தப்பைத் திருத்தறதையும் எழுதிக்கும். ஒவ்வொரு தடவையும் தப்பு பண்ணித் திருத்தும்.”

“யோசிக்காதா?”

“யோசிக்காது.”

“அப்ப எங்க ஆபீசுக்கு ரொம்பப் பொருத்தம்” என்றார் அக்கா. மேலாளர்கள் சிரித்தார்கள். தங்களைச் சொல்லவில்லை என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது.

சான்றிதழ் மேலாளர் பெயருக்கு வந்தது. அவர் அதைக் கண்ணாடி போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். அக்காவுக்கு மிஞ்சியது பதினாறு பக்கக் கையேடு ஒன்று. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

அடுத்த அட்டவணையின்போது கதவைச் சாத்திவிட்டு ரெக்கார்ட் பட்டனை அமுக்கினார். கண்ணாடிப் பாத்திரம் தூக்குகிறவரைப்போல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தார். இருமல் வந்தபோது, இருமலையும் அது எழுதிக்கொள்ளுமோ என்று சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு இருமினார். பாதியில் மேலாளர் தலையை நீட்டினார்.

“மாப்பிள்ளையை மூணுல போட்டாச்சா?”

“போட்டுடறேன் சார்.”

போட்டார். முப்பத்தொன்றாம் வரியில் ஒரு கட்டம் செருகி, ‘3’. கை தன் பாட்டுக்குச் செய்தது. பட்டன் ஓடிக்கொண்டிருந்தது.

மறு மாதம் நான்கு நாள் வேலை, ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்தது. அக்கா டீயைக் குடிக்க மறந்து பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் இரண்டு வண்டி இல்லை. அப்படியே ஐந்து மாதம் ஓடியது. மிச்சமான நாட்களில் கையேட்டைப் படித்தார், யாராவது வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு பழைய பட்டியலைத் தட்டினார். வேலை முடிந்துவிட்டது என்று சொல்வது அந்த அலுவலகத்தில் ஒழுங்கீனமாகக் கருதப்பட்டது.

ஆறாவது மாதம் பன்னிரண்டாவது ஓட்டுநர் ஓய்வு பெற்றார். வரிசையிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். கீழே இருந்த எல்லோரும் ஒரு வரி மேலே ஏறினார்கள், அடியில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். அக்கா பட்டனைத் தட்டினார், அச்சடித்தார், அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முதலில் ஒரு விசில் கேட்டது. வண்டி எதுவும் பின்னால் வரவில்லை. அப்புறம் ஓய்வறையே எழுந்து நின்று கத்துகிற சத்தம்.

பலகையில் மூன்றாம் தடத்துக்கு நேரே விசிலின் பெயர் இருந்தது. அதற்கு மேல் வரியில் மாப்பிள்ளை. அவனுக்கு நேரே பத்தொன்பது.

“அக்கா, அச்சுப்பிழை!” என்று மாப்பிள்ளை ஓடிவந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. “எனக்குப் பத்தொன்பதுன்னு வந்திருக்கு!”

“அச்சு நல்லாத்தானே இருக்கு” என்றார் அக்கா, உண்மையிலேயே ஒன்றும் புரியாமல்.

மேலாளர் வந்தார். பலகை முன்னால் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பச்சைப் பேனாவை எடுத்து இரண்டு எண்களையும் அடித்து மாற்றி எழுதினார். அவர் மூடியை மாட்டும்வரை விசில் பொறுமையாக இருந்தாள்.

“சார், அச்சுல ஒண்ணு இருக்கு, பச்சையில ஒண்ணு இருக்கு. நான் அச்சுல இருக்கறதைத்தான் ஓட்டுவேன்.”

“அது மெஷின் பண்ண தப்பும்மா.”

“ஆறு வருஷமா எங்களுக்கு லீவு கேட்டா, மெஷின் ஒத்துக்கலைன்னுதானே சொல்வீங்க? இன்னைக்கு ஒத்துக்கிச்சு சார். விடுங்க.”

சாவியை எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் தட வண்டியில் ஏறினாள். மேலாளர் அக்காவின் பக்கம் திரும்பினார். “நாளைக்குக் காலையில புதுப் பட்டியல் வேணும். ஒழுங்கா.”

அன்று மாலை அக்காவின் கணவர் சமையலறைக் குழாயடியில் கைக்கிரீசைத் தேய்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். பேசும்போது எதையும் மாடிக்கணக்கில்தான் பேசுவார். அக்கா கத்தரிக்காய் நறுக்கியபடியே நடந்ததைச் சொன்னார்.

“ஆறு மாசமா சரியாப் போட்டது, இப்ப ஏங்க ஆளை மாத்திடுச்சு?”

“அது எங்க ஆளை மாத்துச்சு? நீ நாலாவது மாடி பட்டனை அமுக்கறே. லிஃப்ட்டு நாலாவது மாடிக்குப் போகும். அங்க டாக்டர் குடியிருக்காரா, டாக்டர் காலி பண்ணி வக்கீல் வந்துட்டாரான்னு அது விசாரிக்குமா?”

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

“மாப்பிள்ளை வீடு மாத்திட்டான்” என்றார் மெதுவாக. “நான் பழைய மாடிக்கே அனுப்பிக்கிட்டிருக்கேன்.”

“அவ்வளவுதான். இதுக்குப் போயி மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?”

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய் மேக்ரோவைத் திறந்தார். இதுவரை ஓட்டியிருக்கிறாரே ஒழிய, உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. வரிவரியாக ஆங்கிலத்தில் நின்றது. பாதிக்கு மேல் விளங்கவில்லை. ஆனால் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டியபோது தான் செய்த வேலை அடையாளம் தெரிய ஆரம்பித்தது. இது தடங்களை வெட்டியது. இது ஒட்டியது. இது, தவறான பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. இரண்டு தடவை போயிருக்கிறேன், சே. அதற்கு அடுத்து இரண்டு வரி. டி பத்தியில் முப்பத்தொன்றாம் வரியைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டம் செருகு. அதன் மதிப்பு மூன்று.

அக்கா அந்த இரண்டு வரியை வெகுநேரம் பார்த்தார்.

மற்ற வரிகளுக்கெல்லாம் ஒரு நியாயம் இருந்தது. எல்லோரையும் ஒரு படி இறக்கு, கடைசியை மேலே ஏற்று. இந்த இரண்டுக்கும் இல்லை. ஏன் முப்பத்தொன்று? ஏன் மூன்று? வரியில் பதில் இல்லை. மாப்பிள்ளையின் பெயர்கூட இல்லை. பெயரே இல்லாமல் ஒரு சலுகை சட்டம்போல உட்கார்ந்திருந்தது. அவர் சொல்கிறார், நான் அடிக்கிறேன் என்று ஆறு வருடம் சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்த மேக்ரோவில் ‘அவர் சொல்கிறார்’ என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அடித்தது மட்டும்தான் இருந்தது. அடித்த கை அக்காவுடையது.

வெட்கப்படுகிறவர்கள் பொதுவாகத் தலையைக் குனிவார்கள். அக்காவின் உடம்பு வேறு மாதிரி. வெட்கம் வந்தால் அவருக்கு முதுகு நிமிரும்.

மேலாளர் வந்ததும் நேராகக் கேட்டார். “கண்டுபிடிச்சீங்களா?”

“கண்டுபிடிச்சேன் சார். மேக்ரோவுக்கு உங்க மச்சினனைத் தெரியாது. முப்பத்தொன்னாம் கட்டத்தைத்தான் தெரியும். அவரு முப்பதுக்குப் போயிட்டாரு.”

“அப்ப முப்பத்தொன்னை முப்பதாக்குங்க. ஒரே ஒரு எண்ணு.”

“ஆக்கமுடியாது சார்.”

“தெரியாதா, முடியாதா?”

“தெரியும் சார். மாட்டேன்.”

வெளியே ஒரு வண்டி கழுவப்பட்டது. கண்ணாடியில் தண்ணீர் அறைந்து வழிந்தது. மேலாளர் மரியாதையைக் கைவிட்டார்.

“நீ டைப்பிஸ்ட். சொன்னதை அடிக்கறதுதான் உன் வேலை.”

“அடிச்சா அந்த மாசத்தோட போச்சு சார். இதுல போட்டா நான் இருந்தாலும் இல்லாட்டியும் மாசாமாசம் நடக்கும். இவ்வளவு நாளா நீங்க சொன்னீங்க, நான் அடிச்சேன். இப்ப நீங்க என்னைச் சட்டம் போடச் சொல்றீங்க. அதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல? எழுதிக் குடுங்க, போடறேன்.”

“என்னன்னு எழுதறது?”

“அதான் சார் நானும் கேக்கறேன்.”

மேலாளர் எழுதிக் கொடுக்கவில்லை. மதியம் குறிப்பாணை ஒன்றுதான் கொடுத்தார். பணி வரம்பை மீறி, அனுமதியின்றிக் கணினி நிரல் உருவாக்கி, அலுவலக ஒழுங்கைக் குலைத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தரவேண்டும். இதில் ஒரு சிறிய சிக்கல் இருந்தது. அந்தக் கிளையில் தட்டச்சு தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். ஆகவே மேலாளர் நின்றுகொண்டு சொல்ல, அக்கா உட்கார்ந்துகொண்டு தன்மேல் குற்றம் சாட்டித் தந்தபடியே தட்டச்சு செய்தார். ‘ஒழுங்கீனம்’ என்பதற்குப் பதிலாக மேலாளர் இரண்டு இடத்தில் ‘ஒழுங்கு’ என்று மட்டும் சொன்னார். அக்கா கேட்டுத் திருத்தினார். அச்சடித்து நீட்டிக் கையெழுத்து வாங்கினார். தானே பெற்றுக்கொண்டு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டார். நகலைக் கோப்பில் வைத்தவரும் அவர்தான்.

“உனக்கென்ன கவலை?” என்றார் கணவர் அன்று வீட்டில். “சர்டிபிகேட் அவரு பேர்ல இருக்கு. மேக்ரோ கத்துக்கிட்டவரு அவரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிடு. எல்லாம் அவரு தலையில விழும்.”

நல்ல யோசனைதான். அக்கா இரண்டு நிமிடம் அதைப் பற்றி யோசிக்கவும் செய்தார்.

“ரெண்டு நாள் வகுப்புல அவரு பேரை மாட்டிக்கிட்டு உட்காந்தேன். சர்டிபிகேட்டையும் குடுத்தாச்சு. நான் பண்ணதையும் அவரு பேருக்கே எழுதணுமா?”

“தப்பிக்கத்தானே சொல்றேன்.”

“இருபத்தாறு வருஷமா தப்பிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

விளக்கம் அரைப் பக்கம் வந்தது. மேக்ரோவைப் பதிவு செய்தது நான். அதைக் கற்றது தங்கள் பெயர் அட்டையைத் தங்கள் உத்தரவின்படி அணிந்து கலந்துகொண்ட வகுப்பில். முப்பத்தொன்றாம் கட்டத்தில் மூன்றை வைத்ததும் நான். அது தவறு. தவறைத் திருத்த அனுமதி கேட்கவில்லை, தகவல் தெரிவிக்கிறேன்.

மேலாளர் படித்தார். இரண்டாவது வரியிலேயே நின்றார். தலைக்குப் பின்னால் கண்ணாடிக்குள் சான்றிதழ் பளபளத்தது. இந்த விளக்கத்தைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் அட்டவணை அக்காவின் வேலை போகும், கூடவே வேறொருவர் வேலையும் போகும். அனுப்பாவிட்டால் குறிப்பாணை செத்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தை யாரும் பார்க்கவில்லை. புதுப் பட்டியலும் வரவில்லை; அந்த மாதம் முழுக்க விசில் மூன்றிலும் மாப்பிள்ளை பத்தொன்பதிலும் ஓட்டினார்கள்.

ஆனால் இடமாற்றம் அவர் கையில் இருந்தது. ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ அட்டவணை அக்காவை ஊரின் மறுகோடியிலிருந்த டிக்கெட் கிடங்குக்கு அனுப்பும் உத்தரவு மறுவாரமே தயாரானது. அதையும் அக்காதான் தட்டச்சு செய்தார். மாதக் கடைசி வரை ஒன்பது நாள் இருந்தது.

ஒன்பது நாளும் கையேட்டின் பின்பாதியில் கழிந்தன. முன்பாதி பதிவு செய்வது, பின்பாதி தானே எழுதுவது. முதல் வேலையாக அந்த இரண்டு வரிகளை அழித்தார். மூன்றாம் தடத்தைத் தடவரிசையில் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் உட்கார வைத்தார். இனி முப்பத்தொன்றாம் கட்டம் மற்றக் கட்டங்களைப்போல ஒரு கட்டம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பச்சைப் பேனா பற்றி அவருக்கு ஞானம் இருந்தது. தான் போனதும் புதிதாக வருகிறவர் கட்டத்தில் நேராக ‘3’ என்று தட்டிவிட்டால்?

ஆகவே ஒரு பெட்டி செய்தார். பட்டியலில் யாராவது ஒரு தடத்தைக் கையால் மாற்றினால் நடுத்திரையில் ஒரு பெட்டி எழுந்து, ‘மாற்றச் சொன்னவர் யார்? காரணம் என்ன?’ என்று கேட்கும். சொன்னதைப் பட்டியலின் அடியில் அச்சடிக்கும். ஒன்றும் சொல்லாமல் மூடினால் மறுபடி கேட்கும். யாரும் எதையும் மாற்றாவிட்டால் அடியில், ‘கையால் செய்த மாற்றங்கள்: இல்லை’ என்று வரும்.

எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு வரிதான். எழுத நாலு நாள் ஆனது. திரை சிவந்தது, மஞ்சளானது, உறைந்து நின்றது. ‘இஃப்’ என்று தொடங்கியதை ‘எண்ட் இஃப்’ என்று முடிக்கவில்லை என்று மூன்று தடவை கோபித்துக்கொண்டது. தொடங்கியதை முடிக்கச் சொல்லும் மேலதிகாரியை அக்கா தன் வாழ்க்கையில் அப்போதுதான் முதன்முதலாகச் சந்தித்தார். அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒருமுறை பெட்டி தப்பாக மாட்டிக்கொண்டு, என்ன சொன்னாலும் காரணம் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்க் கணினியின் மின்சாரத்தையே பிடுங்கினார். பிறகு உட்கார்ந்து அதையும் சரிசெய்தார்.

கிளம்புகிற நாளில் மேலாளரிடம் போய்ச் சொல்லவும் செய்தார். ஒளித்து வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

“சார், பட்டியலைக் கையால மாத்தினா காரணம் கேக்கும். நான்தான் எழுதியிருக்கேன். கீழே என் பேரும் போட்டிருக்கேன்.”

“அதை எடுத்துட்டுப் போ.”

“எடுக்கறது ரொம்பச் சுலபம் சார். வகுப்புல ரெண்டாம் நாள் சொல்லிக் குடுத்தாங்க. உங்ககிட்டதான் சர்டிபிகேட் இருக்கே.”

அதற்குப் பதில் சொல்ல மேலாளர் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கியிருந்தார்.

அடுத்த மாதம் நடந்ததை விசில்தான் கிடங்குக்கு வந்து சொன்னாள். அங்கே கூரை உயரத்துக்கு டிக்கெட் கட்டுகள். நடுவில் ஒரு மேசை. இங்கே மேசை ஆடவில்லை. கணினியும் இல்லை.

“புதுசா வந்த பையன் பட்டனைத் தட்டினான். பட்டியல் வந்துச்சு. மேலாளரு அவனை எழுப்பிட்டு அவரே உட்காந்தாரு, அக்கா. மாப்பிள்ளை கட்டத்துல மூணுன்னு தட்டினாரு. டொங்குன்னு பெட்டி வந்துச்சு.”

“என்ன போட்டாரு?”

“மொதல்ல ஒண்ணும் போடாம மூடினாரு. மறுபடி வந்துச்சு. மூடினாரு, வந்துச்சு. நாங்க ஆறேழு பேரு வாசல்ல நிக்கறோம். அப்புறம் ‘கிளை மேலாளர்’, ‘நிர்வாகக் காரணம்’னு போட்டாரு. அச்சடிச்சா அடியில, ‘மாற்றச் சொன்னவர்: கிளை மேலாளர். காரணம்: நிர்வாகக் காரணம்’னு பெரிசா வந்திருக்கு. அதைப் பலகையில குத்தறதா வேணாமான்னு கையில வெச்சுக்கிட்டே நின்னாரு. கடைசியில கிழிச்சுட்டு வேற அடிக்கச் சொல்லிட்டாரு. மாத்தாம.”

“தலைமை ஆபீசுல சொல்லி எடுக்கச் சொல்லலையா?”

“சொன்னாராம். ‘நீங்களே பயிற்சி எடுத்தவராச்சே’ன்னு கேட்டிருக்காங்க.”

அக்கா சிரிக்கவில்லை. ஒரு டிக்கெட் கட்டை எடுத்துத் தட்டி அடுக்கினார்.

“மாப்பிள்ளை எப்படி இருக்கான்?”

“அதை ஏன் கேக்கறீங்க. இந்த மாசம் பதினெட்டு. பத்தொன்பதைவிடக் கொஞ்சம் தேவலை, ஆனா மேடு. ஆனா அக்கா, ஓய்வறையில இப்ப அவனுக்கு உட்கார இடம் விடறாங்க. ஆறு வருஷத்துல ஒருத்தனும் அவனுக்கு இடம் விட்டதில்ல. கல்தூசி பத்தி அவன் பேசறப்ப எல்லாரும் தலையாட்டறாங்க. பாவம், சந்தோஷமாத்தான் இருக்கான்.”

“உனக்கு?”

“எனக்குப் பத்தொன்பது, அவன்கிட்டேருந்து இறங்கி வந்தது. ஒரு மாசந்தானே. மூணு மறுபடி என்கிட்ட வரப் பதினாறு மாசமாகும். வரும்.”

இடமாற்றத்தை ரத்து செய்யச் சொல்லி ஓட்டுநர்கள் மனு எழுதலாமா என்று கேட்கத்தான் விசில் வந்திருந்தாள். அக்கா வேண்டாம் என்றார். கெஞ்சிப் போய் உட்காரப் பிடிக்காது, கூப்பிட்டால் வருவேன் என்று சொல்லிவிடு என்றார். கிடங்குக்கு ஒரு கணினி வேண்டுமென்று மட்டும் அன்றே விண்ணப்பம் எழுதினார், கையால். காரணம் என்ற இடத்தில் ஐந்து வரி எழுதினார்.

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கணினியும் இதுவரை வரவில்லை.

அட்டவணை அக்கா செய்தது இது: தான் பதிவு செய்த மேக்ரோவிலிருந்து இரண்டு வரிகளை அழித்தார், மூன்றாம் தடத்தை வரிசையில் சேர்த்தார், பட்டியலை மாற்ற வருகிறவரிடம் காரணம் கேட்கும் ஏழெட்டு வரிகளை எழுதி அதன் கீழே தன் பெயரைப் போட்டார்.